நனைந்த இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

பழைய கார் ஆயில் ஒழுக்குகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், இரண்டே தீர்ப்புதான் வரும். "பழைய வண்டின்னா அப்படித்தான், ஊத்தி ஊத்தி ஓட்டுங்க" என்பது ஒன்று. "இன்ஜினை இறக்கிப் பாத்துடணும்" என்பது இன்னொன்று. என் வண்டிக்குக் கிட்டத்தட்ட இரண்டாவதுதான் வாய்த்தது. குறுக்குவாக்கில் பொருத்திய நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், இருபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கிளட்ச்சை மூடியிருக்கும் 'பெல் ஹவுசிங்' கூட்டின் அடியில், கறுப்பாக ஈரம். வண்டியை நிறுத்தி எடுத்தால் தரையில் பொட்டுப் பொட்டாகக் கறை. தூக்கிப் பார்த்த மெக்கானிக், கையிலிருந்த டார்ச்சை அணைப்பதற்குள் முடிவைச் சொல்லிவிட்டார்.

"பின்னாடி கிராங்க் சீல் போயிடுச்சு சார். கியர்பாக்ஸ் இறக்காம ஒண்ணும் பண்ண முடியாது."

"மேல எங்கயாவது இருந்து வழிஞ்சு வந்திருக்குமாண்ணே?"

"பெல் ஹவுசிங்ல ஈரம்னா கிராங்க் சீல்தான் சார். எத்தனை வண்டி பாத்திருக்கோம்."

கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு இன்ஜினை விட்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுப்பதுதான் கிராங்க் சீல்; அந்த இடம் நனைந்தால் அதைச் சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு கியர்பாக்ஸில் ஸ்பேனர் வைக்க முடியாது. சீல் என்னவோ உள்ளங்கை அகல ரப்பர் வளையம். அதைத் தொடுவதற்கு ஆக்சில், கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் என்று வரிசையாகக் கழற்றியாக வேண்டும். அவ்வளவையும் பிரித்து, புது சீல் போட்டு, திரும்ப மாட்டி, அடுத்த வாரம் அதே இடத்தில் அதே கறையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆயில் வெளியே வந்த இடத்தில் நிற்காது. கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். வார்ப்பின் விளிம்பு, போல்ட் தலை, வயர் உறை என்று எது அகப்பட்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு எங்கோ போய்ச் சேரும். இன்ஜின் உச்சியை மூடும் டேப்பட் கவர் மூலையில் கசிகிற ஆயில், அதற்கு அடியிலுள்ள சிலிண்டர் ஹெட்டின் முதுகில் வழிந்து, அதற்கும் கீழே இருக்கும் பிளாக்கில் இறங்கி, பெல் ஹவுசிங் மடிப்பில் தேங்கி, அங்கிருந்து சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு கிராங்க் சீலிலிருந்து வருவதாகவே தோன்றும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, நனைந்திருக்கும் இடங்களிலேயே ஆக உயரமானது எது, ஆக முன்னால் இருப்பது எது என்று தேட வேண்டும். சொட்டிலிருந்து தேடத் தொடங்கினால் திசை எப்போதும் கீழிருந்து மேலே.

அதற்கும் முன்னால், தரையில் கிடப்பது இன்ஜின் ஆயில்தானா என்று பார்த்துவிட வேண்டும். ஏசி போட்டு வந்த வண்டியின் அடியில் தண்ணீர் சொட்டினால் பதற ஒன்றுமில்லை. கூலன்ட் பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். லேசான இனிப்பு வாசம் அடிக்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சிவப்பு. பிரேக் ஆயில் வெளிர் மஞ்சள், விரலில் வழுக்கும், பெயின்டை அரிக்கும். அது சொட்டினால் வண்டியை நகர்த்தவே கூடாது. மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றும் கெட்டி ஆயிலில் கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். என் வண்டி விஷயத்தில் இந்த மோப்பம் முக்கியமாக இருந்தது. பெல் ஹவுசிங்குக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆயில் வர வழி உண்டு. இன்ஜின் பக்கம் கிராங்க் சீல், கியர்பாக்ஸ் பக்கம் இன்புட் ஷாஃப்ட் சீல். விரலில் தொட்டு முகர்ந்ததில் கந்தக நெடி இல்லை. இன்ஜின் ஆயில்தான்.

இரவில் வண்டியின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நின்ற இடத்தைப் பேனாவால் குறித்து வைத்தால், காலையில் சொட்டு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதற்கு வரைபடமே கிடைத்துவிடும். எவ்வளவு போகிறது என்பதையும் அட்டையே காட்டும். தரைக் கறை எப்போதும் மிகைப்படுத்தும். ஒரு சொட்டு ஆயில்கூட சிமென்ட் தரையில் அகலமாகப் பரவிவிடும். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால், 10 விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் மணிக்கு 18 மில்லி. 50 மணி நேரம் இன்ஜின் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் காலி. பெரும்பாலான கார்களில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் உள்ள இடைவெளியே ஏறத்தாழ அந்த ஒரு லிட்டர்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வருடம் ஓட்டியவர்களே இதில் குழம்புகிறார்கள். டாஷ்போர்டில் எரிகிற சிவப்பு ஆயில் விளக்கு, ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. அது அழுத்தத்தைக் காட்டுவது. அழுத்தம் ஏறத்தாழ அரை பாருக்கு, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பாதிக்கு, கீழே போனால்தான் எரியும். அளவு குறைந்து, வளைவில் திரும்பும்போது பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிற நிலை வந்த பிறகுதான் அது கண்சிமிட்டும். அதற்குள் பேரிங் அடி வாங்கியிருக்கும். ஒழுகுகிற வண்டிக்கு டிப்ஸ்டிக்தான் நாதி. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் ஆயில் கீழிறங்க விட்டுப் பார்க்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கில் குறைகிற ஆயிலெல்லாம் தரைக்குப் போவதும் இல்லை. அட்டை சுத்தமாக இருந்து, ஓடும்போதும் எங்கும் ஒழுகாமல் அளவு இறங்கினால் இன்ஜின் அதை எரிக்கிறது என்று அர்த்தம். நீண்ட நேரம் நின்ற வண்டியை எடுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். அது வேறு கதை.

இனி உண்மையான வேலை: கழுவுவது. பல வருட அழுக்கும் ஆயிலும் சேர்ந்து கெட்டித்த இன்ஜினில் கசிவைத் தேடுவது வீண். பழைய ஈரம் எது, புது ஈரம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஆறிய இன்ஜினில் ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், காற்று உள்ளே போகும் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் உறையால் கட்டிவிட்டு, டிகிரீசர் அடித்து, பழைய பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, மென்மையாக நீர் ஊற்றி அலச வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராகப் பாய்ச்சினால் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து, இல்லாத நோயெல்லாம் வரும். பெட்ரோலால் துடைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதன் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும், தயவுசெய்து வேண்டாம். கீழே படுத்துத் தேய்ப்பதானால் வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும். வெறும் ஜாக்கை நம்பித் தலையை உள்ளே விடக் கூடாது.

காய்ந்த பிறகு இன்ஜினை ஓட விட்டு, சூடேறியதும் அணைத்துவிட்டு டார்ச்சோடு பார்க்க வேண்டும். பிறகு சின்னதாக ஒரு சுற்றுப் போய் வந்து மறுபடி பார்க்க வேண்டும். அடிக்கடி பார்ப்பதுதான் சூட்சுமம். முதலில் வெளியே வருகிற அந்த மெல்லிய ஈரம் மட்டும்தான் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். விட்டுவிட்டு நாள் கழித்துப் பார்த்தால் பழையபடி எல்லாம் ஈரமாகவே தெரியும்.

கண்ணுக்கு எட்டாத கசிவுக்கு இரண்டு உபாயம் உண்டு. சந்தேகப்படும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து முகப்பவுடரைத் தூவிவிடுவது ஒன்று. ஆயில் பட்ட இடம் மட்டும் கறுத்துக் கோடாகத் தெரியும். இன்னொன்று, ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம். சிறு அளவு ஊற்றி, வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கசிந்த ஆயில் மஞ்சள் கலந்த பச்சையில் மின்னும். இன்ஜினுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. அடுத்த ஆயில் மாற்றத்தில் அதுவும் வெளியே போய்விடும்.

நான் சாயம் ஊற்றினேன். ஒரு சுற்றுப் போய் வந்து, விளக்குகளை அணைத்து, பானெட்டைத் தூக்கி, ஊதா வெளிச்சத்தை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினேன். டேப்பட் கவரின் முன்பக்க ஓரம் முழுக்க இருட்டு. ஃபில்டர் பக்கம் இருட்டு. கியர்பாக்ஸ் பக்க மூலைக்கு வந்ததும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் கடைசி பேரிங் கேப் ஹெட்டோடு சேரும் அந்த முக்கில், நூல் கனத்தில் ஒரு பச்சைக் கோடு. கோடு கீழே இறங்கி, ஒரு போல்ட் தலையில் முட்டி இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை வயர் கிளிப்பின் முதுகில் ஏறி நின்றுவிட்டது. மற்றது ஹெட்டுக்கும் பிளாக்கிற்கும் இடையிலான விளிம்பைத் தாண்டி, நேரே பெல் ஹவுசிங் மடிப்புக்குள் போய் மறைந்தது. ஹெட் கேஸ்கெட் விளிம்பில் வேறு எங்கும் ஒளி இல்லை. கோடு அதன் மேலாக வழிந்து போகிறதே தவிர அங்கிருந்து புறப்படவில்லை.

மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளலாம் என்று, பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் தகர மூடியைக் கழற்றினேன். கிராங்க் சீல் ஒழுகினால் ஆயில் உள்ளேயிருந்து வர வேண்டும்; ஃபிளைவீலின் பின்புறம் நனைந்திருக்க வேண்டும், கிளட்ச் தூள் ஆயிலோடு சேர்ந்து சகதியாக அப்பியிருக்க வேண்டும். உள்ளே வறண்ட தூசு மட்டும்தான். ஈரம் முழுக்க வெளித்தோலில். இந்த மூடி எல்லா வண்டியிலும் இருக்காது, ஆனால் இருக்கிற வண்டியில் இதைக் கழற்றிப் பார்க்காமல் கியர்பாக்ஸ் இறக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆக, டேப்பட் கவருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் பேக்கிங்தான் குற்றவாளி. உடனே போய்ப் புது பேக்கிங் வாங்கிப் போடலாம்தான். ஆனால் பேக்கிங் ஏன் போயிற்று என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். வயதுதான் காரணம் என்றால் சரி. ஆனால் அழுத்தம் காரணமாக இருக்கலாம், அப்படியானால் புது பேக்கிங்கும் அதே கதிதான்.

எந்த இன்ஜினிலும், புத்தம் புதியதிலும்கூட, எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். 1960-களின் தொடக்கம் வரை பெரும்பாலான கார்களில் அதற்கு வெறும் ஒரு குழாய்தான் இருந்தது. அது வாயுவையும் ஆயில் ஆவியையும் நேரே சாலையில் துப்பும். புகைமூட்டத்தால் திணறிய கலிஃபோர்னியாவில்தான் முதலில் அதை மூடி, வாயுவைத் திரும்ப இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்க்குள், இழுத்து எரிக்கும் பிசிவி வால்வு வழக்கத்துக்கு வந்தது. இன்றைக்குப் பெட்ரோல் கார்களில் இது ஏதாவது ஒரு வடிவில் இல்லாமல் இருக்காது. கட்டைவிரல் அளவே இருக்கும் இந்த வால்வு பழைய வண்டியில் ஆயில் பிசினால் அடைத்துக்கொள்ளும். அல்லது அதற்குப் போகும் ரப்பர் குழாய் உள்ளே இற்று ஒட்டிக்கொள்ளும். வெயிட் அடைத்துக்கொண்ட குக்கரில் ஆவி கேஸ்கெட் வழியாகப் பீறிடுவது போலத்தான், அழுத்தம் போக வழியில்லாத இன்ஜினும் பலவீனமான மூலையைத் தேடி ஆயிலை வெளியே தள்ளும். பாவம், பழி சீல்மீது விழும்.

சோதிப்பது எளிது. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின்மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். காற்றோட்டம் சரியாக இருந்தால் காகிதம் லேசாக உள்ளே இழுபடும். படபடவென்று மேலே தூக்கி எறிந்தால் உள்ளே அழுத்தம் நிற்கிறது. என் வண்டியில் காகிதம் நிற்கவே இல்லை. வால்வைப் பிடுங்கிக் குலுக்கினேன். நல்ல வால்வு உள்ளே கலகலக்கும், இது சத்தமே போடவில்லை. உள்ளே கறுப்பாக, தார் மாதிரி அடைப்பு. புது வால்வையும் குழாயையும் போட்டதும் காகிதம் வாயில் ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் இன்னும் குபுகுபுவென்று ஊதியிருந்தால் ரிங் தேய்மானம் வரை யோசிக்க வேண்டியிருந்திருக்கும். அப்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எழுப்பும் அழுத்தம், பார்க்காமல் எந்த பேக்கிங்கையும் மாற்றிப் பயனில்லை. ஆயிலை மேல்கோட்டுக்கு மேலே ஊற்றி வைப்பதும் இதே குடைச்சலைத் தரும். கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும்.

டேப்பட் கவரைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. மேலே இருக்கும் காயில், வயர், குழாய் எதையும் எடுப்பதற்கு முன் போனில் நாலு படம் பிடித்துக்கொண்டால் போதும். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கவர் ஒட்டிக்கொண்டு வராது. ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினால் விடும். இடையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியத்தில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தை எந்த பேக்கிங்கும் அடைக்காது.

பழைய பேக்கிங் கையோடு வந்தது. ரப்பர் என்று சொல்லத்தான் முடியும். ஹெட்டில் அழுந்திய பக்கம் உருட்டுத்தன்மை போய், ரம்பத்தால் அறுத்ததுபோல் தட்டையாக, மேலே இருந்த மெல்லிய வரிகள்கூட அழிந்து பளபளத்தது. மூலையைப் பிடித்து லேசாக வளைத்தேன், 'மொடுக்'கென்று பிளாஸ்டிக் மாதிரி ஒடிந்தது. பக்கத்தில் கிடந்த புது பேக்கிங்கை முடிச்சே போடலாம். சூட்டிலும் காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்தால் ரப்பரிலுள்ள மென்மையூட்டி வெளியேறி, உள்கட்டு இறுகிவிடும். திரும்ப எழும்பி இடைவெளியை நிரப்பும் சக்தி போய்விடும். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரைதான் நீண்ட நாள் தாங்கும். பாலி அக்ரிலேட் 150 டிகிரியை ஒட்டியும், ஃபுளோரோ ரப்பர் 200 டிகிரி வரையும் தாங்கும். மலிவு பேக்கிங்குக்கும் நல்ல பேக்கிங்குக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். வேலை ஒன்றேதான் என்பதால் பேக்கிங்கில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கவருக்கு அடியில் ஸ்பார்க் பிளக் குழிகளுக்கென்று தனி ரப்பர் வளையங்கள் இருக்கும், அவற்றையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். அவை போனால் ஆயில் பிளக் குழிக்குள் தேங்கும், இன்ஜின் மிஸ் அடிக்கும். குழியில் ஆயில் நின்றால் அதை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும்.

பிறகு சுத்தம். ஹெட்டின் முகத்தையும் கவரின் காடியையும் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, பிரேக் கிளீனரில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்து, துணியில் கறுப்பு வராத வரை விடக் கூடாது. துகள் உள்ளே விழாமல் கேம் ஷாஃப்ட் பக்கம் துணி அடைத்துக்கொள்வது நல்லது. சிலிகான் பேஸ்ட்டைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். அது வேண்டிய இடம் மிகக் குறைவு: பேரிங் கேப்பும் ஹெட்டும் சேரும் முக்குகள், டைமிங் கவர் சேரும் கோடு. அங்கே ஒரு பயறு அளவு. அவ்வளவுதான். பேக்கிங் முழுக்க பேஸ்ட்டைப் பிதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கித்தான் இருக்கும். அது காய்ந்து உதிர்ந்து ஆயிலோடு போய், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்தால், கசிவை நிறுத்தப் போய் இன்ஜினையே நிறுத்தியதாகும்.

என் வண்டியின் மூலையில் முன்பு யாரோ பேஸ்ட்டே வைக்காமல் மூடியிருந்தார்கள். பச்சைக் கோடு அங்கிருந்து புறப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

போல்ட் முடுக்குவதில்தான் பல பேருடைய கை பேசிவிடும். "இன்னும் கொஞ்சம் டைட் வச்சா நின்னுடும்" என்பது எல்லா ஒழுகலுக்கும் சொல்லப்படும் மருந்து. டேப்பட் கவர் போல்ட்டுக்குப் பெரும்பாலான வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்குதான் தேவை. அதாவது 10 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ இல்லை, பத்துக் கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு. முழங்கையை இழுத்து முடுக்கினால் அதைப்போல மூன்று மடங்கு போய்விடும். பல வண்டிகளில் போல்ட்டிலேயே தோள், அதாவது அளவுக்கு மேல் இறங்காமல் தடுக்கும் தடித்த பகுதி, வைத்திருப்பார்கள். தோள் அடியில் உட்கார்ந்தபின் எவ்வளவு முடுக்கினாலும் பேக்கிங் மேற்கொண்டு நசுங்காது, போல்ட்தான் அறும். தகரக் கவர் என்றால் ஓட்டையைச் சுற்றிக் குழி விழுந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே கவர் மேலே எழும்பிக்கொள்ளும். அப்புறம் அந்த இடைவெளியில் ஒழுகும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு தவணையாக, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்கினால் போதும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பேஸ்ட் முழுதாக இறுகச் சுமார் ஒரு நாள் ஆகும் என்பதால் நான் அன்று வண்டியை எடுக்கவில்லை.

எல்லா ஒழுகலும் டேப்பட் கவரில் போய் முடியாது என்பதால் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடும்போது மட்டும் வேகமாகக் கொட்டி, அணைத்ததும் நின்றுவிட்டால் அழுத்தம் உள்ள பகுதியைப் பாருங்கள். ஆயில் ஃபில்டர், பிரஷர் ஸ்விட்ச், டர்போவுக்குப் போகும் குழாய், ஆயில் கூலர். சூடான இன்ஜினில் ஓடும் வேகத்தில் அங்கே 2 முதல் 5 பார் வரை அழுத்தம் இருக்கும். ஃபில்டர் மாற்றிய மறுநாளே கொட்டினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரஷர் ஸ்விட்ச்சின் கனெக்டரைப் பிடுங்கினால் உள்ளே ஆயில் நின்றால் ஸ்விட்ச் போயிற்று. ஒரு ஸ்பேனரில் முடிகிற வேலை, ஆனால் இதையும் பெரிய சீல் என்று நினைத்து அலைந்தவர்கள் உண்டு. நின்ற வண்டியிலும் விடாமல் சொட்டினால் சம்ப் பேக்கிங், டிரெயின் போல்ட். டிரெயின் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். பழைய வாஷரோடு இறுக்கி இறுக்கியே அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் கேம் சீலோ முன் கிராங்க் சீலோ ஒழுகினால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஆயில் பட்ட பெல்ட் ஊறி அறும். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எரிந்த புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின்மேல் சொட்டுவதும் அப்படித்தான். கருகல் வாடை வண்டிக்குள் வந்தால் அது தீ அபாயம்.

கசிவை நிறுத்தும் திரவம் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் இருப்பது ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும் பொருள். இறுகிப்போன ஷாஃப்ட் சீலில் மெல்லக் கசிகிற ஆயிலைக் கொஞ்ச நாள் அது குறைக்கலாம். கிழிந்த பேக்கிங், வளைந்த கவர், மரை போன சம்ப், அடைத்த வால்வு இவற்றில் எதற்கும் அது உதவாது. கெட்டி ஆயில் ஊற்றினால் சொட்டு கொஞ்சம் மெதுவாகும். கூடவே குளிர்ந்த இன்ஜினில் மேல்பகுதிக்கு ஆயில் ஏறுவதும் மெதுவாகும். சிந்தெடிக் ஆயில் போட்டால் ஒழுகும் என்ற பேச்சுக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. ஆரம்பகால சிந்தெடிக் ஆயில்களில் சில, ரப்பரைச் சற்றுச் சுருங்க வைத்தன. இப்போது வருபவை சீலோடு ஒத்துப்போகும்படி கலந்தே வருகின்றன. ஏற்கெனவே அழுக்கு அடைத்து நின்ற ஓட்டையை அவை சுத்தமாக்கித் திறந்துவிடலாம், அவ்வளவே.

பேக்கிங் மாற்றிய பிறகு மறுபடி முழுக்கத் துடைத்து, ஓட்டி, ஊதா டார்ச் அடித்தேன். மூலை இருட்டாகவே இருந்தது; பெல் ஹவுசிங் மடிப்பும் காய்ந்து கிடந்தது. ஆனால் சம்ப்பின் முன் ஓரத்தில் ஒரு மங்கலான பச்சைப் படலம் தெரிந்தது. கழுவும்வரை மேலிருந்து வழிந்த ஆயிலுக்குள் மறைந்திருந்த இன்னொரு கசிவு. விரலால் துடைத்தால் ஈரம் ஒட்டுகிறது, சொட்டு விழும் அளவுக்குச் சேரவில்லை. அதைச் சரிசெய்ய எக்ஸாஸ்ட் குழாயையும் அடிச்சட்டத்தையும் இறக்க வேண்டும். அட்டையில் ஒரு பொட்டும் இல்லை, டிப்ஸ்டிக் ஒரு ஆயில் மாற்றத்திலிருந்து அடுத்ததுவரை கோட்டை விட்டு இறங்குவதில்லை. வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்க்கிறேன், ஆயில் மாற்றும்போது அந்த ஓரத்தைத் துடைத்துவிடுகிறேன். படலம் சொட்டாக மாறும்வரை அங்கே கை வைப்பதாக இல்லை.